அழுதால் கை தளர்கிறது: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. ஆறு மாதமாக, பிடிவாதம் பிடித்து அழுதால் வலது கை வலுவில்லாமல் தொங்கிவிடுகிறது, பேச்சும் குழறுகிறது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஒருநாள் சூடான கஞ்சியை ஊதி ஊதிக் குடிக்கும்போது ஸ்பூன் கை நழுவி விழுந்தது. முதலில் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு 'மொயமொயா' என்கிறார்கள், தலையில் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். மற்ற நேரத்தில் நன்றாக ஓடியாடுகிறாள். மருந்தில் குணமாகாதா? 4 வயது மகனுக்கும் வருமா?

பதில்: ஸ்பூன் விழுந்ததைக் குறித்து வைத்தீர்கள் பாருங்கள், அதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. அழுகையும் ஊதுவதும் வேறு வேறாகத் தெரிந்தாலும், இரண்டிலும் குழந்தை வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளுகிறாள். அப்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். நமக்கெல்லாம் இலேசான கிறுகிறுப்போடு போய்விடும். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே ரத்தம் தட்டுப்பாட்டில்தான் ஓடுகிறது. அதிலும் குறைந்தால் அந்தப் பகுதி வேலையை நிறுத்திவிடும். வலது கையும் பேச்சும் சேர்ந்து பாதிக்கப்படுவதால் இடது மூளையில்தான் பற்றாக்குறை என்று ஊகிக்கலாம்.

கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும், மண்டைக்குள் கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டுக்கொண்டே வருவதுதான் இந்த நோய். மெயின் ரோடு அடைபட்டால் வண்டிகள் சந்துபொந்தில் நுழைவதுபோல, மூளையின் அடிப்பகுதியில் நூல் நூலாகக் குட்டிக் குழாய்கள் கிளம்பும். ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராமில் அது சிகரெட் புகை போல மங்கலாகத் தெரியும். 1969-இல் சுசுகி, தகாகு என்ற ஜப்பானிய மருத்துவர்கள் அதைப் பார்த்து வைத்த பெயர்தான் மொயமொயா. ஜப்பானிலும் கொரியாவிலும் அதிகம், ஆனால் நம்மூரிலும் பார்க்கிறோம். ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. பெரியவர்களுக்கு இது மூளையில் ரத்தக்கசிவாகவும் வரும், குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தம் போதாமல் வரும் பக்கவாதம்தான்.

வலிப்பு என்று முதலில் நினைத்ததில் ஆச்சரியமில்லை. குழந்தைக்குப் பக்கவாதம் வரும் என்று யாருக்கும் சட்டெனத் தோன்றாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: வலிப்புக்காக மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுக்கும்போது காகிதக் காற்றாடியைக் கொடுத்து மூன்று நிமிடம் ஊதச் சொல்வார்கள். உங்கள் மகளை ஊத வைக்கவே கூடாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, மருந்து. சுருங்கிய குழாயைத் திரும்ப விரிக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆஸ்பிரின் கொடுப்பது குறுகிய இடத்தில் ரத்தம் கட்டாமல் இருக்க, அவ்வளவுதான். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மை, ஃப்ளூ காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே மருத்துவரைக் கேளுங்கள். அந்த நேரத்தில் ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஈரலையும் மூளையையும் அரிதாகப் பாதிக்கும்.

"நன்றாகத்தானே இருக்கிறாள்" என்கிறீர்கள். என் அனுபவத்தில் பெற்றோர் தள்ளிப்போடுவது இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். பத்து நிமிடத்தில் மீளும் கை, ஒருநாள் மீளாமலே போகலாம். நிரந்தரச் சேதம் வந்தபின் செய்யும் ஆபரேஷன் இனி வருவதைத்தான் தடுக்கும், போன கையைத் திருப்பித் தராது. ஆகவே நன்றாக இருக்கும்போது செய்துகொள்வதே லாபம்.

மூளையை வெட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம். காதுக்கு முன்னால் விரலை வைத்தால் துடிக்குமே, அந்தத் தோல் ரத்தக்குழாயைப் பிரித்து, மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்து, மூளையின் மேல் படும்படி வைத்துத் தைப்பார்கள். ரத்தத்துக்கு ஏங்கும் மூளை அதிலிருந்து தானாகவே புதுக் குழாய்களை வளர்த்துக்கொள்ளும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். நேரடியாகக் குழாயோடு குழாயைத் தைக்கும் பைபாஸும் உண்டு. அதில் அன்றைக்கே ரத்தம் பாயும், ஆனால் சின்னக் குழந்தைக்கு அந்தக் குழாய் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டிவரும். ஆபரேஷனை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் வரும் ஆபத்து சிறிதளவு உண்டு. இதுவரை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லும் நேரத்தில் டிரிப்ஸ் ஏற்றுவார்களா என்றும் கேளுங்கள், உடம்பில் நீர் வற்றினால் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது.

அதுவரை தண்ணீர் பாட்டில் எப்போதும் கூடவே இருக்கட்டும். காய்ச்சல், வாந்தி, பேதி என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். பலூன், விசில், புல்லாங்குழல் வேண்டாம். பள்ளி யோகா வகுப்பில் வேகவேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி வேண்டவே வேண்டாம். கஞ்சியை நீங்களே ஆற்றிக் கொடுங்கள். அழாமல் வளர்க்க எந்தத் தாயாலும் முடியாது, அதற்காகக் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். விசும்பல் ஏறும்போது மடியில் கிடத்தி மெதுவாக மூச்சுவிட வையுங்கள், போதும்.

கை தளர்ந்தால் தட்டையாகப் படுக்க வைத்து நேரத்தைக் குறியுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். சரியாகட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வழியில் சரியாகிவிட்டாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும், அந்த அரை நிமிடம் எங்களுக்குப் பெரிய உதவி.

மகனைப் பற்றி: ஜப்பானில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல் குடும்பத்தில் வேறொருவருக்கும் இருப்பதாகக் கணக்கு. அறிகுறி எதுவும் இல்லாத தம்பிக்கு இப்போதே ஸ்கேன் எடுக்க அவசரமில்லை. அடிக்கடி தலைவலி, அழும்போது கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது இருந்தால் எம்.ஆர். ஆஞ்சியோ (எம்.ஆர்.ஐ. கருவியிலேயே ரத்தக்குழாய்களைப் பார்ப்பது) எடுத்துவிடலாம். அதில் கதிர்வீச்சு கிடையாது, ஆனால் 4 வயதுப் பிள்ளை அந்தச் சத்தத்தில் அசையாமல் படுக்காது. மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.