நெல்லுக்குருவியும் ‘வெறும்’ என்ற சொல்லும்

அன்புள்ள அக்கா,

எங்கள் வட்டையில் கதிர் பால் பிடித்துவிட்டது. நெல்லுக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுகின்றன. பறவைகள் சேர்ந்து வாழ மூளையில் சுரக்கும் மெசோடோசின் என்ற ஓமோன்தான் காரணம் என்று வாசித்தேன். அப்படியென்றால் அவற்றின் ஒற்றுமை வெறும் இரசாயனமா? நம்முடைய பாசமும் அவ்வளவுதானா? யாரோடும் ஒட்டாத மனிதர்களுக்கு இதை மருந்தாகக் கொடுக்கலாமா? நான் ஒரு நெல்லுக்குருவியைக் கூண்டில் வளர்க்கிறேன். நான்கு மாதமாகியும் என்னோடு ஒட்டவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

க., படுவான்கரை

அன்புள்ள தம்பி,

மருந்துக் கேள்வியை முதலில் தள்ளிவைக்கிறேன். தனியாக இருக்க விரும்புகிறவருக்கு மருந்து வேண்டாம். நாம் போய் அவர் கதவைத் தட்டாமல் இருந்தால் போதும்.

மற்றது, நானே சில நாட்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விடயம். ஜேம்ஸ் குட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றித்தான் நீங்கள் வாசித்திருக்க வேண்டும். சீப்ரா பிஞ்ச் குருவிக்கு ஒரு பக்கம் பெரிய கூட்டத்தையும் மறுபக்கம் சிறிய கூட்டத்தையும் காட்டினார்கள். மெசோடோசினை வேலை செய்யவிடாமல் தடுத்தபோது அது பெரிய கூட்டத்தின் பக்கம் இருப்பது குறைந்தது. மெசோடோசினைக் கூடுதலாகச் செலுத்தியபோது கூடியது, அதுவும் பெண் குருவிகளில்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஆளாளுக்குப் ‘பாச ஓமோன்’ என்று கதை விடுகிறார்கள். மிச்சத்தையும் கேளுங்கள். அந்த ஆய்வில் ஐந்து இனக் குருவிகள். அதில் ஒன்று நம்முடைய இதே நெல்லுக்குருவி, புத்தகத்துப் பெயர் புள்ளிச் சில்லை. ஐந்துமே சோடி சேர்ந்து, ஆணும் பெண்ணுமாகக் குஞ்சு வளர்ப்பவை. ஆனால் நெல்லுக்குருவி பெருங்கூட்டமாகத் திரியும். ஆப்பிரிக்காவின் இரண்டு இனங்களோ தங்கள் எல்லைக்குள் சொந்த இனத்தார் வந்தாலும் அடித்துத் துரத்தும். துரத்துகிறதற்கும் மெசோடோசின் உண்டு, துணையோடு ஒட்டுதலும் உண்டு. வித்தியாசம், அதை ஏற்கும் வாங்கிகள் மூளையில் எங்கே அடர்ந்திருக்கின்றன என்பதில். செப்டம் என்று ஒரு பகுதி. கூட்டப் பறவைகளுக்கு அதன் மேற்பாகத்தில் அடர்த்தி கூட. இதில் எதற்குப் பாசம் உண்டு, எதற்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள் பார்ப்போம். பெண்சாதி பிள்ளைகளுக்காக உயிரையே விடுகிற மனிதர், வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டாரோடு இருபது வருடம் முகம் பார்க்காமல் இருப்பதை நம் ஊரில் நீங்கள் கண்டதில்லையா?

அப்புறம் அந்த ‘வெறும்’. இந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. வெறும் சோறு என்றால் கறி இல்லை. வெறும் தேத்தண்ணி என்றால் பால் இல்லை. வெறும் வீடு என்றால் ஆள் இல்லை. வெறும் இரசாயனம் என்கிறீர்களே, அங்கே எது இல்லை? குருவி இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, வயல் இருக்கிறது. இதே குட்சன் 2000இல் அன்ட்ரூ பாஸ் என்பவரோடு சேர்ந்து, பசிபிக் கரையில் இரவில் முனகிப் பாடும் மீனொன்றின் குரலை இதே குடும்பத்துப் பொருட்கள் மூளையில் மாற்றுவதைக் காட்டினார். (நமது மட்டக்களப்பு வாவியில் பாடுவது மீனா மட்டியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.) அதைக் கேள்விப்பட்டு, பூரணை இரவில் கல்லடிப் பாலத்தில் காது கொடுத்து நிற்கிற யாராவது வீட்டுக்குத் திரும்பிப் போவாரா?

சரி, உங்கள் கூண்டுக்கு வருகிறேன். ஒற்றை நெல்லுக்குருவியை நான்கு மாதம் அடைத்துவைத்துவிட்டு, ஒட்டவில்லை என்று எனக்கே முறைப்பாடு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நானும் யோக்கியம் இல்லை. பத்து வயதில் அப்பப்பாவின் வட்டையில் தகரம் தட்டிக் குருவி விரட்டுவது என் வேலை. ஒரு தட்டுக்கு முழுக் கூட்டமும், பாயை உதறினது போல, ஒன்றாக எழும்பும். நாலு வரம்பு தாண்டி ஒன்றாகவே விழும். ஒருநாள் வலையில் சிக்கிய ஒன்றை வாடிக்குள் கொண்டுபோய்க் கடகத்தால் மூடினேன். நெல் வைத்தேன், தண்ணீர் வைத்தேன். பின்னேரம் வரை ஒரு மணியைத் தொடவில்லை. வெளியே அதன் ஆட்கள் எங்கள் வேளாண்மையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். குருவி என்றாலே திட்டித் தீர்க்கும் அப்பப்பா வந்து குனிந்து பார்த்தார்.

“களவெடுக்கக்கூட இது தனிய வரல்ல புள்ள. இப்ப தனிய எப்பிடித் தின்னும்?”

கடகத்தை அவரே தூக்கினார். அது வானத்துக்குப் போகவில்லை, நேரே கதிருக்குள் போய்க் கூட்டத்தோடு விழுந்தது. அடுத்த நாள் விடிய அதற்கும் சேர்த்துத்தான் தகரம் தட்டினேன்.

உங்கள் குருவியை முதலில் அறைக்குள் பறக்கவிட்டுப் பாருங்கள். சிறகு சரியாக இருந்தால், கூட்டம் விழுகிற நேரமாகப் பார்த்துக் கூண்டை வரம்பில் வைத்துத் திறவுங்கள். பாசம் பற்றி என்ன கேட்டிருந்தீர்கள்? அதைக் குருவி போன பிறகு இன்னொரு கடிதமாக எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா