மூட்டைக் கட்டி நிறுத்தும் நார்கள்: கேள்வி பதில்

பல ஆண்டுகள் உடற்கூறியல் வகுப்பு எடுத்தவன் நான். மூட்டு, நார், குருத்தெலும்பு பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், தசைநார், தசைநாண் இரண்டும் ஒன்றுதானா? எத்தனை தடவை படித்தாலும் குழம்புகிறது.

ஒன்று இல்லை. எலும்பை எலும்போடு கட்டுவது தசைநார், அதாவது லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அதாவது டெண்டன். குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். தசைநார் என்கிறோம், ஆனால் அதன் இரண்டு முனையும் பிடித்திருப்பது எலும்பைத்தான். அதனால் வகுப்பில் லிகமென்ட், டெண்டன் என்றே சொல்வேன், இங்கும் அப்படியே. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கெட்டியான கயிறு மாதிரி கிடைப்பது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு சேர்க்கும் டெண்டன். உடம்பிலேயே தடிமனான டெண்டன் அதுதான்.

கேள்வி: எலும்பு கடினம், நார் மென்மை. இரண்டும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? நடுவில் பசை மாதிரி ஏதாவது இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பசை எதுவும் இல்லை. நாரில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் எலும்புக்கு உள்ளேயே போய்ப் புதைந்திருக்கின்றன. ஷார்ப்பி இழைகள் என்று அவற்றுக்குப் பெயர்.

செல்போன் சார்ஜர் வயர் எங்கே முதலில் பிய்கிறது? நடுவில் இல்லை, சொருகும் முனையோடு சேரும் இடத்தில். மென்மையும் கடினமும் சட்டென்று சந்திக்கும் இடத்தில்தான் இழுவிசை குவியும். உடம்பு இதைச் சமாளிக்கும் விதம் அழகானது. பல இடங்களில் நார் நேராக எலும்பாக மாறுவதில்லை. முதலில் நார், அடுத்து நார்க்குருத்தெலும்பு, அடுத்து சுண்ணாம்புச் சத்து ஏறிய குருத்தெலும்பு, கடைசியில் எலும்பு என்று நான்கு படியாகக் கடினமாகிறது. இந்தப் பிடி எவ்வளவு உறுதி என்றால், பலமாக இழுபடும்போது சில சமயம் நார் அறுவதில்லை, எலும்பில் ஒரு சில்லு பெயர்ந்து நாரோடு வந்துவிடுகிறது.

பல்லும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். அது தாடை எலும்பில் நேராக ஒட்டியிருக்கவில்லை, சுற்றிலும் இருக்கும் மெல்லிய லிகமென்ட்டில் தொங்குகிறது. கம்பி போட்டு மெதுவாக அழுத்தினால் பல் நகர்கிறதே, அது இந்த நார் இருப்பதால்தான்.

கேள்வி: கணுக்கால் பிசகி ஆறு வாரம் ஆகிறது. வலி, வீக்கம் இல்லை. ஆனால் நடக்கும்போது திடீரென்று மறுபடி மடங்குகிறது. உடைந்த எலும்பே இதற்குள் கூடிவிடும் என்கிறார்களே?

எலும்புக்கு ரத்த ஓட்டம் தாராளம். அது கூடும்போது புது எலும்பாகவே கூடுகிறது. லிகமென்ட்டுக்கு ரத்தம் குறைவு, அங்கே முதலில் வருவது தழும்புத் திசு. அது பழைய நாரின் ஒழுங்குக்கும் பலத்துக்கும் வர மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விட்டது என்பதால் நார் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் லிகமென்ட்டில் உண்டு. அவையும் அடிபட்டிருந்தால் பாதம் சாய்வது மூளைக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகச் சொல்வது இதற்காகத்தான். பக்கத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விரலில் நெட்டி முறித்தால் மூட்டு தேயுமா?

அப்படித் தெரியவில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு சேர்ந்து வரும் சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் வரவில்லை. ஒரே ஆள்தான், ஆனாலும் அந்தப் பொறுமையை மதிக்கிறேன். வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தால் மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: கொலாஜன் பவுடர் குடித்தால் லிகமென்ட் பலப்படுமா?

குடிக்கிற கொலாஜன் அப்படியே முழங்காலில் போய் உட்காராது. குடலில் அமினோ அமிலங்களாகவும் சின்னத் துண்டுகளாகவும் உடைந்துவிடும். உடம்பு தன் கொலாஜனைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கொலாஜனின் மூன்று இழை முறுக்கு உறுதியாக நிற்காது. வைட்டமின் சி குறைவால் ஸ்கர்வி நோய் வந்த பழைய கால மாலுமிகளுக்குப் பல் ஆடியதும் ஆறிய புண் மறுபடி திறந்ததும் இதனால்தான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளிடம் சோதித்தபோது ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். என்னைக் கேட்டால், பவுடரைவிட நல்ல சாப்பாட்டையும் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியையும்தான் நம்புவேன்.

கேள்வி: கால்பந்து ஆடும்போது முழங்காலில் ஏசிஎல் என்ற லிகமென்ட் அறுந்து, தொடை டெண்டனை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் ஆகிறது, நன்றாக இருக்கிறது. ஆடலாமா?

வேண்டாம் தம்பி. வைத்த டெண்டனில் இருந்த பழைய செல்கள் பெரும்பாலும் இறந்து, புது ரத்தக்குழாயும் புது செல்களும் உள்ளே வந்து, மெல்ல மெல்ல அது லிகமென்ட் மாதிரி மாற வேண்டும். அந்த மாற்றத்தின் ஆரம்ப மாதங்களில் அது வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். நீங்கள் நன்றாக உணரும் இந்த மாதங்கள்தான் அவை. ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது காத்திருக்கச் சொல்வது வழக்கம். அப்போதும் தொடைத் தசையின் பலத்தை அடிபடாத காலோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகே இறங்குங்கள்.