தனித்திருக்கும் காக்கட்டீலுக்குத் துணை சேர்க்கலாமா?

பாளையங்கோட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: கணவரும் அவரும் வேலைக்குச் சென்றபின், மூன்று வயது ஆண் காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறிய வளர்ப்புக் கிளி) மாலை வரை தனியே இருந்து கத்துகிறது. வயலோரப் பனையிலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றைத் தருவதாக உறவினர் சொல்கிறார். அதை இதே கூண்டில் விடலாமா?

பச்சைக்கிளி வேண்டாம். பனைப்பொந்தில் குஞ்சு பொரிக்கும் இந்தக் கிளியை வீட்டுப் பறவை என்றே நம் பக்கத்தில் பலரும் எண்ணினாலும், 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். குஞ்சை வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, உருவிலும் அலகின் வலுவிலும் அது காக்கட்டீலை விஞ்சியது. கடிபடப் போவது உங்கள் பறவைதான். துணை தேடுவதானால் அதே இனத்தில் தேடுங்கள்.

வாங்கி வந்த அன்றே இரண்டையும் சேர்த்துவிடுவதே பலரும் செய்யும் தவறு. கிளியினங்கள் நோயை வெளிக்காட்டாமல் மறைப்பவை. நலமாகத் தோன்றும் பறவையிடமும் கிளிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். உலர்ந்த எச்சத்தின் தூசி வழியே அது மனிதரின் நுரையீரலையும் தாக்கும். அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய்க்கோ மருந்தே இல்லை. ஆகவே புதிய பறவையைக் குறைந்தது 30 நாள், இயன்றால் 45 நாள், கதவடைத்த வேறு அறையில் வைத்து, எப்போதும் பழைய பறவைக்கு முதலில் தீனி வைத்துவிட்டுப் பிறகே புதியதிடம் செல்லுங்கள். கிண்ணங்களைக் கலக்காதீர்கள், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். நாள்தோறும் காலையில் கிராம் தராசில் எடை பாருங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு வால் ஏறி இறங்க மூச்சுவிட்டாலோ மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. நோய் தெரியாவிட்டாலும் இந்தக் காலத்துக்குள் ஒருமுறை, இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் காட்டிப் பரிசோதித்துவிடுவது நல்லது.

அதன்பின் இரு கூண்டுகளையும் ஒரே அறையில் எதிரெதிரே வைத்துச் சிறிது சிறிதாக நெருக்குங்கள். ஆனால் ஒட்டி வைக்க வேண்டாம், கம்பியைப் பற்றிய கால்விரல்களை ஒன்றையொன்று கடித்துவிடும். ஒன்றையொன்று பார்த்தபடி அமைதியாக இரை தின்னவும் இறகு கோதவும் தொடங்கினால், இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் கால்மணி நேரம் வெளியே விடலாம். அப்போது மின்விசிறி சுழலக் கூடாது. நம் ஊர் வெயிலில் அது பகலில் இயலாது என்பதால் விடியற்காலையே ஏற்றது. பழைய பறவையின் கூண்டுக்குள் புதியதை ஒருபோதும் விடாதீர்கள். அந்தக் கூண்டு பழையதன் எல்லை.

புதியது பெட்டை என்றால் முட்டையிடும் பெட்டியை வைக்க வேண்டாம். அடிக்கடி முட்டையிட்டால் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து, முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்தச் சத்துக்காக, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை (கணவாய் ஓடு) கூண்டில் கட்டிவையுங்கள்.

இவ்வளவும் செய்தபின் கத்தல் ஓயுமா என்றால், உறுதி இல்லை. இரண்டும் சேர்ந்தே கத்தலாம். எனவே முதலில் ஒரு மாதம், காலையில் புறப்படும்போது முருங்கைக்கீரைக் கொத்தையும் கம்பங்கதிரையும் தொங்கவிட்டு, மாலையில் அரைமணி நேரம் அதனோடு இருந்து பாருங்கள். அப்படியும் துணை தேவைப்பட்டு, இரண்டும் ஒரே கூண்டில் பழகிவிட்டாலும், இரண்டாவது கூண்டைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள்; சண்டையோ நோயோ வரும் நாளில் பிரித்து வைக்க அது வேண்டும்.