டிஜிட்டல் பாடநூல்களை மட்டும் வைத்துக்கொண்டு பேஸ் கிட்டார் தியரியைக் கற்றுக்கொள்ள முடியுமா?

பேஸ் கிட்டார் வாங்கிச் சில மாதங்கள் ஆகின்றன, ஊரில் அதற்கென்று ஆசிரியர் கிடைக்கவில்லை, பீடிஎஃப் ஆகவும் மின்னூலாகவும் கிடைக்கும் பாடநூல்களை வைத்தே தியரியை, அதாவது இசை இலக்கணத்தை, கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் அப்படித்தான் கற்றேன். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, கற்பதாக நினைத்துக்கொண்டு கற்காமலேயே இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் என்ன தவறு நடந்தது என்பதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

எங்கள் ஊரில் கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் தெருவுக்கு ஒரு வகுப்பு உண்டு. பேஸ் என்று கேட்டால், ஆறு கம்பியைக் கற்றுக்கொண்டால் நாலு கம்பி தானாக வந்துவிடும் என்பார்கள். வராது. ஆகவே நூல்களைச் சேர்க்கத் தொடங்கினேன். ஒரு கட்டத்தில் என் கைப்பேசியில் அறுபதுக்கு மேற்பட்ட பீடிஎஃப்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் முதல் பயிற்சியிலிருந்து கடைசிப் பயிற்சி வரை வாசித்து முடித்தேன். அந்த நூலில் ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு வரிசையாக அச்சிடப்பட்டிருந்தது: மேலே ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷன், கீழே நான்கு கோட்டு டேப். டேபில் உள்ள நான்கு கோடுகள் நான்கு கம்பிகள்; தடித்ததிலிருந்து மெல்லியது வரை அவற்றின் பெயர்கள் இ, ஏ, டி, ஜி. ஒரு கோட்டின் மேல் 3 என்று இருந்தால் அந்தக் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டை, அதாவது கருவியின் கழுத்தில் உள்ள மூன்றாவது கட்டத்தை, அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண் தானாகவே கீழ்வரிசைக்குப் போய்விடும். நான்கு மாதத்தில் நூல் முடிந்துவிட்டது. நான் வாசித்தது இசையை அல்ல, எண்களை என்பது ஓர் ஒத்திகையில்தான் தெரிந்தது.

நண்பர்கள் நடத்தும் மெல்லிசைக் குழு அது. கீபோர்டு வாசிப்பவர் சி மேஜர் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) பிடித்துக்கொண்டு, இரண்டு பார் (தாளச் சுற்று) அதிலேயே நிற்கும்படி சொன்னார். நான் நூலில் பழகிய ஒரு வடிவத்தை அப்படியே போட்டேன். தடித்த கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டில் விரல் நின்றது. அவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, நான் மேஜர் பிடிச்சா நீ கீழ இருந்து மைனர் ஆக்கிட்டியே" என்றார். அவர் பிடித்திருந்தவை சி, இ, ஜி என்ற மூன்று சுரங்கள். நான் அழுத்தியது ஏ. அந்த மூன்றுக்கும் அடியில் ஏ வந்து அமர்ந்தால் ஏ, சி, இ, ஜி என்று ஆகி, கேட்பவர் காதில் அது ஏ மைனர் 7 கார்டாகவே ஒலிக்கும். அவர் விரல் ஒன்றும் நகரவில்லை, கார்டு மாறிவிட்டது. அதைவிடச் சங்கடம், எந்தச் சுரத்தை அழுத்தினேன் என்று அவர் கேட்டபோது "அஞ்சாவது ஃபிரெட்" என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

பேஸ் வாசிப்பவருக்குத் தியரி எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எந்த நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நாம் கார்டு பிடிப்பது அரிது; ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கிறோம். ஆனால் மேலே மற்றவர்கள் பிடிப்பது என்ன கார்டாகக் கேட்கும் என்பதை அந்த ஒரு சுரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதே சி மேஜருக்கு அடியில் இ வாசித்தால் கார்டின் பெயர் மாறாது, ஆனால் அது ஊன்றி நிற்காமல் அடுத்த இடத்துக்கு நகரத் துடிப்பதுபோல் ஒலிக்கும். இளையராஜாவின் 1980-களின் பாடல்களை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். பேஸ் ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் சுரத்தை, தட்டிக்கொண்டு நிற்காமல், அடியில் தனி மெட்டாகவே நடந்துகொண்டிருக்கும். அந்த நடையைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவு தியரிதான் நமக்கு முதலில் வேண்டும்.

ஆகவே நூலைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளடக்கத்தைப் பாருங்கள். கார்டின் சுரங்களை, அதாவது ரூட், அதிலிருந்து ஸ்கேலில் எண்ணினால் வரும் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு, அவற்றை வைத்து ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நடக்கக் கற்றுத்தரும் நூலே நல்ல நூல். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஏழு மோடுகளையும் (ஒரே ஸ்கேலை வெவ்வேறு சுரத்திலிருந்து தொடங்கும் வரிசைகள்) விரல்வடிவங்களாகப் படம் போட்டுக் காட்டும் நூலை நான் ஒதுக்கிவிடுவேன். அந்தப் படங்கள் பார்க்க நிறைவாக இருக்கும், மனப்பாடமும் ஆகும், ஒத்திகையில் உதவாது. கிட்டாருக்கென எழுதிய தியரி நூல்களும் அவ்வளவாகப் பொருந்தா, ஏனெனில் அவற்றின் பெரும்பகுதி கார்டு பிடிக்கும் வடிவங்களைப் பற்றியது. பேஸ் கிட்டார் அப்படியொன்றும் பழைய கருவி அல்ல. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் சந்தைக்கு வந்தது 1951-இல். ஸ்டுடியோக்களில் ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்த அமெரிக்க பேஸ் கலைஞர் கரோல் கே 1969-இலேயே பேஸுக்கென ஒரு பாடநூல் வெளியிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இதற்கென்றே எழுதப்பட்ட நூல்கள் போதுமான அளவு உள்ளன. வேறு கருவியின் நூலைக் கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை.

இனி, அந்த ஒத்திகைக்குப் பிறகு நான் செய்தது. அதே நூலை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் திறந்தேன். பீடிஎஃப்பில் குறிப்பெழுத உதவும் செயலியில் செவ்வகம் வரையும் வசதி இருக்கும். அதில் வெள்ளை நிறத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு பயிற்சியிலும் டேப் வரிசையை மூடினேன். அச்சு நூலில் இதற்குக் காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். டிஜிட்டல் நூலின் உண்மையான வசதி என்று நான் கருதுவது இதைத்தான். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பயிற்சியின் சுரப் பெயர்களைக் கையால் எழுதி, வாசிக்கும்போது வாய்விட்டுச் சொன்னேன். பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த சுரங்களை எழுதும் ஸ்டாஃப் முறை) ஐந்து கோடுகளும் கீழிருந்து மேலாக ஜி, பி, டி, எஃப், ஏ. நம் தடித்த கம்பியின் திறந்த ஒலியான இ, அந்த ஐந்துக்கும் கீழே ஒரு சிறு துணைக்கோட்டில் எழுதப்படும். எழுதியிருப்பதைவிட ஓர் ஸ்தாயி கீழேதான் பேஸ் ஒலிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இது தெரியாமல், நூலில் உள்ள சுரங்களை ஒரு நொட்டேஷன் செயலியில் பியானோ ஒலியில் இட்டுப் பார்த்து, என் பேஸ்தான் டியூனிங் தவறிவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் திருகிக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் மிகவும் சலிப்பாக இருந்தது. முன்பு ஒரு நாளில் முடித்த பக்கம் இப்போது ஐந்து நாள் எடுத்தது. ஆனால் மூன்றாவது மாதத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. அதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். எல்லா நூலிலும் வரும் ஒரு கார்டு வரிசை: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. முதலாவதில் உள்ள சுரங்கள் டி, எஃப், ஏ, சி. இரண்டாவதில் ஜி, பி, டி, எஃப். மூன்றாவதில் சி, இ, ஜி, பி. இப்போது எஃப் என்ற ஒரு சுரத்தை மட்டும் பின்தொடருங்கள். 12 ஃபிரெட்டுக்குள் அது நான்கு இடங்களில் உள்ளது: இ கம்பியில் 1, டி கம்பியில் 3, ஏ கம்பியில் 8, ஜி கம்பியில் 10. டி கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். டி மைனர் ஒலிக்கும்போது அது கார்டின் மூன்றாவது சுரம். அந்தக் கார்டு மைனர் என்று காதுக்குச் சொல்வதே அதுதான். கார்டு ஜி 7-க்கு மாறியதும், விரல் நகராமலேயே, அது ஏழாவது சுரமாகிவிடுகிறது; ஒரு தவிப்பு அதில் ஏறுகிறது. சி மேஜர் வந்ததும் ஒரு ஃபிரெட் கீழே இறங்கி இ-யில் அமர்ந்தால் அந்தத் தவிப்பு தீர்ந்து, காது "சரி" என்கிறது. டேபில் இது 3, 3, 2. அந்த மூன்று எண்களையும் நான் முதல்முறை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை.

கர்நாடக இசை ஓரளவு கேட்டுப் பழகியவராக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. வசதி இது: மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்கள்தாம். கிரக பேதம் தெரிந்திருந்தால், சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக வைத்தால் கரஹரப்பிரியா, பஞ்சமத்தை வைத்தால் ஹரிகாம்போஜி, தைவதத்தை வைத்தால் நடபைரவி வரும் என்பது தெரிந்திருக்கும். நூல்கள் டோரியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன் என்று அச்சுறுத்தும் பெயர்களில் சொல்பவை, கமகத்தை விட்டுவிட்டுச் சுர வரிசையை மட்டும் பார்த்தால், முறையே இவைதாம். சிக்கல் என்னவென்றால், நம் காதுக்கு ஆதார ஷட்ஜம் அசையாது. தம்புரா நின்ற இடத்தில் நிற்கும். மேற்கத்திய கார்டு வரிசையிலோ ரூட் பாருக்குப் பார் இடம் மாறுகிறது. மேலே சொன்ன எஃப், சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் எப்போதும் மத்யமம்தான். ஆனால் டி மைனருக்குள் அது மூன்றாவது, ஜி 7-க்குள் ஏழாவது. ஸ்கேலுக்கு ஒரு கணக்கு, கார்டுக்கு இன்னொரு கணக்கு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. நூல்கள் இதை விளக்குவதில்லை. அவற்றை எழுதியவர்களுக்கு இப்படியொரு குழப்பம் வந்திருக்காது.

கருவிகள் பற்றிச் சில சொற்கள். மியூசிக் நொட்டேஷன் உள்ள நூலை இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவில் வாங்க வேண்டாம். எழுத்து திரைக்கேற்ப ஓடும், ஆனால் பயிற்சிகள் பல நூல்களில் சிறு படங்களாகச் சுருங்கி, பெரிதாக்கினால் மங்கிவிடும். பக்க அமைப்பு மாறாத பீடிஎஃப்பும் பத்து அங்குல டேப்லெட்டும் இருந்தால் நல்லது. டேப்லெட் இல்லையென்றால், அந்த மாதத்துக்குரிய நான்கு பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். நானும் பல மாதங்கள் அப்படித்தான் வாசித்தேன். நூலோடு வரும் ஒலிக்கோப்புகளைக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். திறந்த இ கம்பியின் அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதை அந்தச் சிறு ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. நீங்கள் கேட்பது அதன் மேல் ஒலிகளை மட்டும்தான். அவற்றிலிருந்து அடிச்சுரத்தைக் காது ஊகித்துக்கொள்கிறது. கம்பி உள்ள ஹெட்ஃபோன் போதும். புளூடூத் ஹெட்ஃபோனில் பாட்டைக் கேட்பதில் தவறில்லை, ஆனால் உங்கள் பேஸையும் கைப்பேசி வழியாக அதிலேயே கேட்க முயன்றால் நீங்கள் மீட்டிய பிறகு சற்றுத் தாமதித்துத்தான் ஒலி வரும், தாளம் கெட்டுவிடும். சில ஒலிக்கோப்புகளில் பேஸ் ஒரு காதிலும் மற்ற கருவிகள் இன்னொரு காதிலும் பதிவாகியிருக்கும். பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளி, பேஸை நீக்கிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் வாசிக்கலாம். வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நூலால் முடியாதவையும் உண்டு. மீட்டாத கம்பிகள் தாமாக அதிர்ந்து முனகுவதை இடக்கையாலும் கட்டைவிரலாலும் அடக்கி வைப்பது, ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதையும் கவனிப்பது, டிரம்ஸின் கிக்கோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்ந்து விழுவது ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் விரலுக்குப் புரியாது. இதற்காக மாதத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். அவர் பேஸ் வாசிப்பவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எனக்கு அந்தக் கீபோர்டு அண்ணன்தான் வாய்த்தார். அவர் எனக்கு வைத்த ஒரே தேர்வு, கார்டுப் பெயரை மட்டும் உரக்கச் சொல்வது. நான் அதன் மூன்றாவது சுரத்தை, பெயரைச் சொல்லிக்கொண்டே, இரண்டு வெவ்வேறு கம்பிகளில் வாசித்துக் காட்ட வேண்டும். "பி ஃபிளாட் மேஜர்" என்றால் டி. அது ஏ கம்பியில் 5, அல்லது திறந்த டி கம்பி. முதல் மாதம் ஒரு கார்டுக்குப் பத்து வினாடி யோசித்தேன்.

எவ்வளவு காலம் ஆகும் என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல்முறை நான்கு மாதத்தில் முடித்த அதே நூல், டேபை மூடிவிட்டு வாசித்த இரண்டாவது முறை எனக்குப் பதினான்கு மாதங்கள் எடுத்தது. மற்ற அறுபது நூல்களையும் அதன்பிறகு நான் திறக்கவில்லை.