வாசகர் கேள்வி: எண்டோமென்ட் மார்ட்கேஜ் இழப்பீட்டுக் கணக்கு

கேள்வி: பிரிட்டனில் வீட்டுக்கடனுக்காக எடுத்த எண்டோமென்ட் பாலிசியில் (கடனுக்கு வட்டி மட்டும் கட்டிக்கொண்டு, அசலை முடிவில் அடைக்கப் பணம் சேர்க்கும் ஆயுள் காப்பீடு) 9,000 பவுண்ட் குறையும் என்று கடிதம் வந்தது. தவறாக விற்றதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் தருவதாகச் சொல்லும் தொகை அதில் கால்வாசிதான். இது சரியா?

பதில்: சரியாகவே இருக்கலாம். கடிதத்தில் உள்ள 9,000 பவுண்ட், பாலிசி முடியும்போது விழக்கூடிய பள்ளத்தின் மதிப்பீடு. இழப்பீட்டுக்கு அது அளவுகோல் அல்ல. முதல் நாளிலிருந்தே அசலும் வட்டியுமாகக் கட்டும் ரீபேமென்ட் மார்ட்கேஜ் எடுத்திருந்தால் இன்று எந்த நிலையில் இருப்பீர்கள் என்பதோடுதான் ஒப்பிடுவார்கள்.

ஓர் உதாரணம். கடன் 40,000 பவுண்ட், தவணை 25 ஆண்டு, 10 ஆண்டு முடிந்திருக்கிறது. வட்டி 8 சதவீதத்திலேயே நின்றதாக வைத்துக்கொள்வோம். ரீபேமென்ட் முறையில் மாதம் சுமார் 308.73 பவுண்ட் கட்டி, இதற்குள் 7,694 பவுண்ட் அசல் அடைந்திருக்கும். பாலிசியின் சரண்டர் மதிப்பு, அதாவது இன்றே நிறுத்தினால் கைக்கு வரும் தொகை, 6,200 என்றால் அசலில் இழப்பு 1,494.

அடுத்தது மாதச் செலவு. எண்டோமென்டில் வட்டி 266.67, பிரீமியம் 55, ஆக 321.67. மறுபக்கம் 308.73-உடன், கடன் குறையக் குறையத் தானும் குறையும் ஆயுள் காப்பீட்டுக்கு 7 பவுண்ட் சேர்த்தால் 315.73. மாதம் 5.94 வீதம் 120 மாதத்துக்கு 713 பவுண்ட் கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். மொத்த இழப்பு 2,207. கடனை ரீபேமென்ட் முறைக்கு மாற்றும் கட்டணம் தனி.

அந்த 7 பவுண்டைக் கவனியுங்கள். பாலிசி எடுத்தபோது உங்களை நம்பி யாரும் இல்லை, ஆயுள் காப்பீடே தேவைப்படவில்லை என்றால் அதை ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது என்று கேளுங்கள். அதை நீக்கிவிட்டால் இழப்பு 840 பவுண்ட் ஏறி 3,047 ஆகிவிடும். தகராறு பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வரிகளில்தான் ஒளிந்திருக்கிறது.

வட்டியையும் சரிபாருங்கள். சராசரி விகிதம் போடாமல், கடன் கொடுத்தவர் மாதாமாதம் உண்மையில் வாங்கிய விகிதத்தைப் போட்டிருக்க வேண்டும். 1989 அக்டோபரில் பிரிட்டனின் அடிப்படை வட்டியே 15 சதவீதம். அத்தகைய ஆண்டுகளில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் மெதுவாகத்தான் கரையும். வீட்டுக்கடன் வட்டிக்கு 2000 ஏப்ரல் வரை இருந்த மிராஸ் வரிச்சலுகையை இரு பக்கமும் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். முழுக் கணக்குத்தாளைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கேள்வி: எண்டோமென்டில் மாதச் செலவு குறைவாக இருந்ததாம். அந்த மிச்சத்தை இழப்பீட்டில் கழிக்கிறார்களே?

பதில்: கழிப்பது உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. அந்தச் சிறு மிச்சம் மாதாமாதம் குடும்பச் செலவிலேயே கரைந்துவிட்டது, இன்று அதை எடுத்துத்தர வழியில்லை என்றால் கழிப்பது நியாயமில்லை என்று வாதிட விதிகளே இடம் தருகின்றன. வருமானம், குடும்பச் செலவு, அன்றைய கடன்கள் ஆகியவற்றை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் நிற்காது.

கேள்வி: நிறுவனம் மறுத்தால்?

பதில்: புகார் கொடுத்து 8 வாரத்தில் முடிவு வராவிட்டாலும், வந்த முடிவு திருப்தி தராவிட்டாலும், நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நடுநிலை அமைப்பான ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, கமிஷனுக்கு வேலை செய்யும் இடைத்தரகரும் தேவையில்லை. இறுதிப் பதில் கிடைத்ததிலிருந்து 6 மாதம்தான் அவகாசம். புகார் கொடுக்கவே ஒரு கெடு உண்டு: அதிக ஆபத்து என்று எச்சரித்த சிவப்புக் கடிதத்திலிருந்து பொதுவாக 3 ஆண்டு. அந்தக் கடிதத்தின் தேதியை முதலில் தேடி எடுங்கள்.