பதவி இல்லாவிட்டாலும் விண்ணப்பியுங்கள்

தம்பி, என்.எஸ்.எஸ்., மாணவர் தலைவர் பதவி எதுவும் இல்லாததால் அமெரிக்கக் கல்லூரிகள் ஒதுக்கிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் அப்பாவோடு காப்பிப் பழம் பறிப்பதையும் ஆட்களுக்கு வாரக் கூலிக் கணக்கு எழுதுவதையும் போகிறபோக்கில் சொல்கிறீர்கள். அதுதானே உங்கள் பலம்! பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் விண்ணப்பத்தில், படிப்புக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள். குடும்பப் பொறுப்புக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். "அப்பாவுக்கு உதவினேன்" என்று அதை வீணாக்காதீர்கள். எத்தனை பேருக்குக் கூலி கணக்கிட்டீர்கள், மூட்டைகளை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள். சான்றிதழுக்காக இப்போது அவசரத் தொண்டு தேடி அலைய வேண்டாம், அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பல கல்லூரிகளுக்கு ஜனவரித் தொடக்கமே கடைசி நாள். அறுவடையும் அப்போதுதான் மும்முரமாக இருக்கும். விண்ணப்பத்துக்கான கட்டுரையைத் தீபாவளிக்குள் முடித்துவிடுங்கள்.