போற்றுவோர், தூற்றுவோர் நடுவே ஒரு வாழ்க்கை வரலாறு

கேள்வி: மறைந்து பல ஆண்டுகளான ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வருகிறேன். அவரைத் தெய்வமாகக் கும்பிடுவோரும் உண்டு, கொடியவர் என்போரும் உண்டு. வாரிசுகள் அவருடைய கடிதங்களைத் தர முன்வருகிறார்கள். ஆனால் அச்சுக்குப் போகும் முன் தங்கள் ஒப்புதல் வேண்டும் என்கிறார்கள். நடுநிலை தவறாமல் எழுதுவது எப்படி?

பதில்: புகழுக்குப் பாதி, பழிக்குப் பாதி என்று பக்கங்களைப் பங்கிட்டால் நடுநிலை வந்துவிடாது. எல்லாச் சாட்சிகளையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். பெரிய ஆய்வாளர்களே சறுக்கிய இடம் இது.

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். அவர்களில் ஒருவரான சாலி ஹெமிங்ஸின் மகன் மேடிசன், ஜெஃபர்சனே தம் தந்தை என்று 1873இல் ஒரு செய்தித்தாளில் கூறினார். ஜெஃபர்சனின் பேரனும் பேத்தியும் அதை மறுத்துவந்தவர்கள். சாலியின் குழந்தைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனின் சகோதரி மகன் பீட்டர் என்றார் பேரன். பீட்டரின் சகோதரர் சாமுவேல் என்றார் பேத்தி. இப்படி முரண்பட்ட பிறகும் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் குடும்பத்தாரையே நம்பி, மேடிசனை ஒதுக்கினார்கள். சட்டம் பயின்ற அனெட் கோர்டன்-ரீட் 1997இல் இந்த ஓரவஞ்சனையை அம்பலப்படுத்தினார். 1998இல் வெளியான மரபணுச் சோதனை, சாலியின் கடைசி மகனுடைய வழித்தோன்றலை ஜெஃபர்சன் ஆண்வழியோடு இணைத்தது. அந்தச் சகோதரர்களின் வழியோடு பொருந்தவில்லை. சோதனை மட்டுமே தாமஸ்தான் தந்தை என்று நிறுவாது. சாலி கருவுற்ற காலங்களில் ஜெஃபர்சன் தம் மான்டிசெல்லோ இல்லத்தில் இருந்ததும், மேடிசனின் வாக்குமூலமும் சேர்ந்துதான் முடிவுக்கு வலுவூட்டின. உண்மையைச் சொன்ன ஒரு மகனின் குரல் அத்தனை காலம் செல்லாக் காசாகக் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

எனவே ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எதிரே குறித்துவையுங்கள்: சொன்னவர் யார், நேரில் கண்டாரா, எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார், அதனால் அவருக்கு என்ன ஆதாயம்? புகழுரைக்கும் இதே கேள்விகள்தான்.

‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானத்தையும் சோதியுங்கள். ஜெஃபர்சனின் காலத்தவரான ஜார்ஜ் வாஷிங்டன், தமக்குச் சொந்தமான அடிமைகளை விடுவிக்க 1799இல் உயில் எழுதினார்.

வாரிசுகளிடம் தகவல் பிழைகளைச் சுட்டிக்காட்டும் உரிமையை மட்டும் கொடுங்கள். நீக்கும் உரிமை வேண்டாம். இதை எழுத்தில் பெறுங்கள். மறுத்தால், கடிதங்கள் இல்லாமலே எழுதுங்கள். எவற்றைப் பார்க்க முடியவில்லை, ஏன் என்பதை முன்னுரையில் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.